பிட்டுக்கு முகவரி இல்லை: பிட் புலங்களைக் கம்பைலர்கள் கையாண்ட கதை



போன தவணையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒரு டிப்ளோமா மாணவி, திருத்திய தேர்வுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சி மொழிக் கேள்வி. ஒரு ஸ்ட்ரக்ட் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முதலில் ஒரு கேரக்டர் மாறி, அடுத்து 3 பிட் அகலம் கொண்ட ஓர் இன்ட் பிட் புலம். இந்த ஸ்ட்ரக்ட் நினைவகத்தில் எத்தனை பைட் எடுக்கும்? அவ்வளவுதான் கேள்வி.

அவள் எழுதியது 4. விடை ஸ்கீமாவில் இருந்தது 8. நான்கு மதிப்பெண் போய்விட்டது.

"சார், வீட்டுல என் லேப்டாப்புல ஓட்டிப் பார்த்தேன், 4 தான் வருது" என்றாள். விரிவுரையாளர் கல்லூரி லேபில் ஓட்டிக் காட்டினாராம். அங்கே 8 வந்ததாம். இருவருமே பொய் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பில் லினக்ஸும் ஜிசிசி கம்பைலரும். லேபில் விண்டோஸும் மைக்ரோசாப்ட் கம்பைலரும். ஒரே மொழி, ஒரே நிரல், இரண்டு விடை.

"அப்போ யார் சார் சரி?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஏனென்றால் அது விதி பற்றிய கேள்வி மட்டும் இல்லை, வரலாறும் கூட. அன்று அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சி மொழி கற்பிக்கிறவர்களுக்கும் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அடிப்படை. பிட் என்றால் 0 அல்லது 1 என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பிட்டுக்குத் தனி முகவரி கிடையாது என்பதை நாம் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை. தாமானில் வீட்டுக்குத்தான் எண் உண்டு, வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்கு எண் இல்லை. அதே மாதிரி இன்றைய கணினியில் பைட்டுக்குத்தான் முகவரி. ஒரு பிட் வேண்டுமென்றால் அது இருக்கும் வீட்டுக்குப் போய்த்தான் தேட வேண்டும்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஐபிஎம் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் வடிவமைத்த ஸ்ட்ரெட்ச் என்ற இயந்திரத்தில் ஒவ்வொரு பிட்டுக்கும் முகவரி இருந்தது. அதன் வேர்டு 64 பிட் நீளம். எந்த வேர்டு என்று சொல்ல 18 பிட், அந்த வேர்டுக்குள் எந்த பிட் என்று சொல்ல இன்னும் 6 பிட், ஆக முகவரிக்கு 24 பிட். எந்த பிட்டில் தொடங்கினாலும் சரி, வேண்டிய நீளத்துக்கு எடுத்துக் கணக்குப் போடும். 'பைட்' என்ற சொல்லே இந்த வடிவமைப்பு வேலையில்தான் பிறந்தது. 1956இல் வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கிய சொல் அது. அப்போது பைட் என்றால் 8 பிட் என்று கட்டாயம் இல்லை, 1 முதல் 8 வரை எதுவாகவும் இருக்கலாம். தேர்வில் "பைட் என்றால் எப்போதும் 8 பிட்டா?" என்று கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்ட்ரெட்ச் 1961இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. சொன்ன வேகம் வரவில்லை, விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று, பத்துக்கும் குறைவான இயந்திரங்களே கட்டப்பட்டன. அதே ஐபிஎம் 1964 ஏப்ரல் 7இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது பிட் முகவரியைக் கைவிட்டுவிட்டது. முகவரி பைட்டுக்கு, பைட் என்றால் 8 பிட், வேர்டு என்றால் 32 பிட். இன்று நாம் பாடநூலில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

சிஸ்டம்/360இல் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. 2 பைட் தரவு இரண்டால் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும். 4 பைட் தரவு நான்கால் வகுபடும் முகவரியில், 8 பைட் தரவு எட்டால் வகுபடும் முகவரியில். மீறினால் நிரல் அங்கேயே நின்றுவிடும். இதற்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர். தரவின் அளவால் அதன் முகவரி மீதியில்லாமல் வகுபட வேண்டும், அவ்வளவுதான். ஏன் இந்தக் கண்டிப்பு? நினைவகம் ஒரு தடவைக்கு ஒரு முழு வேர்டைத்தான் அனுப்பும். 4 பைட் தரவு முகவரி 8இல் தொடங்கினால் ஒரே நடையில் வந்துவிடும். முகவரி 10இல் தொடங்கினால் பாதி ஒரு வேர்டில், பாதி அடுத்த வேர்டில். இரண்டு நடை போய், வெட்டி, ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு வேலைக்கான சுற்றைச் செயலிக்குள் வைக்கக் காசு செலவாகும். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆக, பிட்டுக்கு முகவரி போயிற்று. ஆனால் பிட்டின் தேவை போகவில்லை. இங்கேதான் கம்பைலர் உள்ளே வருகிறது.

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியது பிடிபி-11 என்ற 16 பிட் இயந்திரத்தில். அங்கும் பைட்டுக்கு முகவரி உண்டு, ஆனால் வேர்டை ஒற்றைப்படை முகவரியில் கேட்டால் செயலி மறுத்துவிடும். நினைவகமோ மிகச் சிறியது. ஆம், இல்லை என்ற ஒரு விஷயத்துக்கு 16 பிட்டைக் கொடுப்பது அன்று ஊதாரித்தனம். 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தில் பிட் புலம் இந்தக் காரணத்தோடுதான் வருகிறது. கம்பைலர் தன் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு மூன்று கொடிகள் வைத்திருக்கும், அவற்றை ஒரே இன்டுக்குள் அடுக்கிக்கொள்ளலாம் என்பது அங்குள்ள எடுத்துக்காட்டு.

அந்தப் புத்தகத்தின் மூன்று விதிகளை மாணவர்கள் மனதில் வைக்கணும். பிட் புலத்தின் முகவரியை எடுக்க முடியாது. காரணம் மேலே சொன்னதுதான், இல்லாத முகவரியை எப்படிக் கொடுப்பது? ஒரு புலம் இன்ட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது, இடம் போதாவிட்டால் அடுத்த இன்ட்டில் தொடங்கும். கடைசியாக, பெயர் இல்லாமல் அகலம் 0 என்று ஒரு புலம் எழுதினால், அடுத்த புலம் புதிய எல்லையில் தொடங்கும். இந்த 0 அகலப் புலத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

இப்போது கம்பைலர் உண்மையில் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்எஸ்-டாஸ் காலத்து ஃபேட் கோப்பு முறையில், இன்றும் மெமரி கார்டுகளில் இருக்கிறதே, அதில் தேதியை 16 பிட்டில் அடைத்திருப்பார்கள். கீழ்க்கோடியில் நாளுக்கு 5 பிட், அடுத்து மாதத்துக்கு 4 பிட், மேலே ஆண்டுக்கு 7 பிட். ஆண்டை 1980இலிருந்து எண்ண வேண்டும். 2020 ஆகஸ்ட் 31ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 40, அதை 512ஆல் பெருக்கினால் 20480. மாதம் 8, அதை 32ஆல் பெருக்கினால் 256. நாள் 31. கூட்டினால் 20767. ஒரு தேதி, ஒரே எண்.

மாதத்தைப் படிக்கணும் என்றால் கம்பைலர் முழு 16 பிட்டையும் எடுக்கிறது. 5 பிட் வலப்பக்கம் தள்ளுகிறது, அதாவது 32ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுகிறது, 648 வருகிறது. அதில் கடைசி 4 பிட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது, 8 வருகிறது. ஆகஸ்ட்.

எழுதுவது இதைவிடச் சிக்கல். மாதத்தை 9 ஆக்க வேண்டுமாம். முழு 16 பிட்டையும் எடுக்கிறது. மாதத்துக்குரிய 4 பிட்டை அழிக்கிறது, 20511 மிஞ்சுகிறது. 9ஐ 32ஆல் பெருக்கி 288ஐச் சேர்க்கிறது, 20799. அதை முழுதாகத் திரும்ப எழுதுகிறது. செப்டம்பர் 31 என்ற தேதி கிடைத்துவிட்டது! கம்பைலருக்கு நாட்காட்டி தெரியாது, அது நம் பொறுப்பு.

நான் சொல்ல வருவது வேறு. மாதத்தை மட்டும்தான் மாற்றச் சொன்னோம். ஆனால் நாளையும் ஆண்டையும் கூட அது எடுத்துத் திரும்ப எழுதியிருக்கிறது. அதே மதிப்புத்தான், ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறது. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பாதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்த கேள்வி, எவ்வளவு அகலத்துக்கு எடுக்க வேண்டும்? ஸ்ட்ரக்ட்டின் தொடக்கத்திலிருந்து 40ஆவது பிட்டில் ஒரு பிட் புலம் தொடங்குகிறது என்று வையுங்கள். ஒரு பைட்டாக எடுத்தால், 5ஆம் பைட்டின் முதல் பிட். 32 பிட் வேர்டாக எடுத்தால், 4ஆம் பைட்டில் தொடங்கும் வேர்டில் 8ஆவது பிட். 64 பிட்டாக எடுத்தால், 0ஆம் பைட்டில் தொடங்கும் அலகில் 40ஆவது பிட். மூன்றுமே அலைன்மென்ட் விதிக்கு உட்பட்டவை, மூன்றுமே சரியான விடையைத் தரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கம்பைலர் எழுதுகிறவரின் விருப்பம். எந்த அகலம் அந்தச் செயலியில் வேகமோ அதை எடுத்துக்கொள்வார். பல ஆண்டுகளாக யாரும் இதைக் கேள்வி கேட்கவில்லை.

புலங்களை எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது என்பதும் அப்படித்தான். பிடிபி-11இல் வலமிருந்து இடமாக, வேறு இயந்திரங்களில் இடமிருந்து வலமாக அடுக்கினார்கள். நம் தேதியை இடமிருந்து வலமாக, நாளை மேலே வைத்து அடுக்கினால் 31ஐ 2048ஆல் பெருக்கி, 8ஐ 128ஆல் பெருக்கி, 40ஐக் கூட்ட வேண்டும். 64552. அதே அறிவிப்பு, அதே தேதி, வேறு எண். கோப்பு வடிவத்துக்கும் நெட்வொர்க் செய்திக்கும் பிட் புலத்தை நம்பாதே என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

வன்பொருள்காரர்கள் நடுவில் ஒரு காலம் உதவிக்கு வந்தார்கள். 1977இல் வந்த வேக்ஸ் கணினியில், எந்த பிட்டில் தொடங்கினாலும் 32 பிட் வரை வெட்டி எடுக்கவும் செருகவும் தனிக் கட்டளைகள் இருந்தன. மோட்டோரோலா 68000, 1979இல் வந்தபோது ஒற்றைப்படை முகவரியில் வேர்டு கேட்டால் பிழை என்று நின்றுவிடும். ஐந்து ஆண்டு கழித்து வந்த 68020 அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, பிட் புலக் கட்டளைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்டெல் 8086 தொடக்கத்திலிருந்தே எந்த முகவரியையும் ஏற்றுக்கொண்டது, ஒழுங்கில்லாத இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இன்று நம் லேப்டாப்பில் அலைன்மென்ட் பிழை அபூர்வமாகத் தெரிவதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

பிறகு காற்று எதிர்ப்பக்கம் வீசியது. 1980களில் ரிஸ்க் செயலிகள் வந்தன. கட்டளை குறைவு, வேகம் அதிகம் என்பது அவற்றின் கொள்கை. மிப்ஸ், ஸ்பார்க் இரண்டுமே சாதாரணக் கட்டளைகளில் ஒழுங்கில்லாத முகவரியை மறுத்தன. ஸ்பார்க் இயந்திரத்தில் யூனிக்ஸ் அதை 'பஸ் எரர்' என்று அறிவிக்கும். பேருந்து தாமதம் இல்லைங்க, நினைவகத்துக்குப் போகும் பாதைக்குத்தான் அந்தப் பெயர். பழைய ஏஆர்எம் செயலிகள் இன்னும் மோசம். நான்கால் வகுபடாத முகவரியில் வேர்டு கேட்டால் பிழை என்று சொல்லாமல், வேர்டைச் சுழற்றி வேறு எண்ணைக் கொடுத்துவிடும். பிழை என்று நின்றாலாவது தெரியும். தப்பான விடையோடு ஓடிக்கொண்டே இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தகைய இயந்திரத்தில், நெருக்கி அடுக்கு என்று நிரலாளர் ஜிசிசியிடம் கேட்டால் என்ன நடக்கும்? 20 பிட் புலங்கள் இரண்டு இருக்கின்றன என்று வையுங்கள். வழக்கமான லினக்ஸ் அடுக்கில் இரண்டாவது புலம் அடுத்த வேர்டுக்குப் போய்விடும், மொத்தம் 8 பைட். நெருக்கி அடுக்கினால் 5 பைட். இரண்டாவது புலத்தின் 12 பிட் முதல் வேர்டிலும் 8 பிட் அடுத்ததிலும் இருக்கும். ஸ்ட்ரக்ட்டே எந்த முகவரியில் தொடங்கும் என்று கம்பைலருக்கு இனி உறுதி இல்லை. அதனால் கண்டிப்பான செயலியில் ஒவ்வொரு பைட்டாக எடுத்து, தள்ளி, ஒட்டும். 3 பைட் மிச்சம் பிடித்தோம், பதிலுக்கு ஒவ்வொரு முறையும் பல கட்டளைகள். சில இடங்களில் இது நியாயமான வியாபாரம், பல இடங்களில் இல்லை என்பது என் கருத்து.

1992இல் வந்த டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலி கொள்கையின் உச்சிக்கே போனது. ஒரு பைட்டை மட்டும் எடுக்கவோ எழுதவோ அதில் கட்டளையே இல்லை. 32 பிட் அல்லது 64 பிட் மட்டும்தான். ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றால் 8 பைட்டையும் எடுத்து, நடுவில் ஒன்றை மாற்றி, 8 பைட்டையும் திரும்ப எழுதணும். பிட் புலத்துக்கு நாம் செய்த கணக்கேதான், இப்போது சாதாரணக் கேரக்டர் மாறிக்கும். 1996இல் பைட் கட்டளைகளைச் சேர்த்துவிட்டார்கள். ஏன் சேர்த்தார்கள் என்பதை ஆசிரியர்களுக்கு ஓர் உதாரணத்தால் சொன்னால் உடனே புரியும்.

மதிப்பெண் பட்டியல் எக்செல் கோப்பில் இருக்கிறது. நீங்கள் அதைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு மாணவரின் தமிழ் மதிப்பெண்ணை மட்டும் திருத்துகிறீர்கள். அதே நேரத்தில் பள்ளி அலுவலகத்தில் இன்னோர் ஆசிரியர் அதே கோப்பில் கணித மதிப்பெண்ணைத் திருத்துகிறார். மறுநாள் உங்கள் கோப்பை அதே பெயரில் மேலே போட்டுவிடுகிறீர்கள். கணிதத் திருத்தம் காணாமல் போயிற்று. நீங்கள் கணிதத்தைத் தொடவே இல்லை. ஆனால் பழைய கணித மதிப்பெண்ணையும் சேர்த்துத் திரும்ப எழுதிவிட்டீர்கள்.

பிட் புலம் எழுதும்போது நடப்பது இதேதான். ஒரே வேலை ஓடிக்கொண்டிருக்கும் வரை தொல்லை இல்லை, பட்டியலை ஒரே ஆசிரியர் வைத்திருக்கும் பள்ளி மாதிரி. பல செயலிகள், பல த்ரெட்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும் காலம் வந்தபோது, எவ்வளவு அகலத்துக்கு எடுப்பது என்பது கம்பைலரின் சொந்த விஷயமாக இருக்க முடியவில்லை.

1989இன் ஆன்சி சி தரத்தில் இதற்குப் பதில் இல்லை. புலத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிய ஏதோ ஓர் அலகைக் கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம், எல்லையைத் தாண்டலாமா கூடாதா, எந்தப் பக்கத்திலிருந்து அடுக்குவது எல்லாம் கம்பைலர் தீர்மானிப்பது என்று விட்டுவிட்டது. த்ரெட் என்ற சொல்லே அன்று தரத்தில் கிடையாது. 2005இல் ஹான்ஸ் போயம் ஒரு கட்டுரை எழுதினார். த்ரெட்களை வெறும் நூலகமாக மொழிக்கு வெளியே வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது, கம்பைலருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் ஓர் எடுத்துக்காட்டு பிட் புலம்தான். 17 பிட்டும் 15 பிட்டும் ஒரே 32 பிட்டுக்குள் இருக்கின்றன. ஒரு த்ரெட் முதலாவதை எழுதுகிறது, இன்னொன்று இரண்டாவதை எழுதுகிறது. மொழியைப் பார்த்தால் இருவரும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கிறார்கள். நினைவகத்தைப் பார்த்தால் ஒரே கோப்பை இருவர் மேலெழுதுகிறார்கள்.

2011 டிசம்பரில் வெளியான சி11 தரம் இதை ஒழுங்குபடுத்தியது. அடுத்தடுத்து இருக்கும் பிட் புலங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நினைவிடம். அவற்றுக்குள் ஒன்றை எழுதும்போது மற்றதும் எழுதப்படலாம், பூட்டுப் போடுவது நிரலாளரின் பொறுப்பு. ஆனால் பக்கத்தில் இருக்கும் சாதாரண மாறி வேறு நினைவிடம். அதைக் கம்பைலர் தொடக்கூடாது. சரி, இரண்டு பிட் புலங்களையே பிரித்து வைக்க வேண்டுமென்றால்? நடுவில் 0 அகலப் புலம் ஒன்றை எழுதுங்கள் என்கிறது தரம். 1978இல் அடுத்த எல்லைக்குத் தள்ளுவதற்காக வைத்த அந்த விநோத விதி, 33 ஆண்டு கழித்து இரண்டு த்ரெட்களுக்கு நடுவே சுவராக நிற்கிறது. அடுத்த எல்லைக்குத் தள்ளிவிட்டால் ஒன்றை எழுத இன்னொன்றைத் தொட வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? அலைன்மென்ட்டும் பாதுகாப்பும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

தரம் வந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். 2012 தொடக்கத்தில் லினக்ஸ் கெர்னலில் ஒரு வழு பிடிபட்டது. வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டிய கதை இது.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் நிரலில் ஒரு ஸ்ட்ரக்ட். இரண்டு 64 பிட் எண்கள், ஒரு சுட்டி, அடுத்து 4 பைட் பூட்டு, அடுத்து 1 பிட் அகலத்தில் 'நிரம்பிவிட்டதா' என்று சொல்லும் ஒரு புலம். 64 பிட் இயந்திரத்தில் எண்ணிப் பாருங்கள். பூட்டு 24ஆம் பைட்டில் தொடங்குகிறது, பிட் புலம் 28ஆம் பைட்டில். பிட் புலம் அறிவிக்கப்பட்டிருப்பது 32 பிட் இன்டாக. ஆகவே 28இலிருந்து 4 பைட் எடுத்து மாற்றி எழுதும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள்.

ஐஏ-64 என்ற இன்டெல் இட்டானியம் இயந்திரத்தில் ஜிசிசி அப்படிச் செய்யவில்லை. 24 எட்டால் வகுபடும் எண். அங்கிருந்து 8 பைட்டை ஒரே நடையில் எடுத்து, அந்த ஒரு பிட்டை மாற்றி, 8 பைட்டையும் திரும்ப எழுதியது. அலைன்மென்ட் விதிப்படி குற்றமில்லை. ஆனால் அந்த 8 பைட்டில் முதல் 4 பைட் பூட்டு. எடுத்ததற்கும் திரும்ப எழுதியதற்கும் நடுவில் இன்னொரு செயலி பூட்டின் மதிப்பை மாற்றியிருந்தால், பழைய மதிப்பு அதன் மேல் வந்து விழும். பூட்டு குழம்பிவிடும். பிட் புலத்தை எழுதிய நிரலில் பூட்டைப் பற்றி ஓர் எழுத்துகூடக் கிடையாது. நிரலை எத்தனை தடவை வாசித்தாலும் தவறு கண்ணில் படாது. கம்பைலர் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

சண்டை வந்தது. பழைய தரத்தின்படி நாங்கள் செய்தது சரி, த்ரெட் பற்றி அதில் ஒன்றும் இல்லையே என்பது கம்பைலர் பக்கத்து வாதம். அறிவித்த வகையைத் தாண்டிப் பக்கத்து மாறியைத் தொடும் கம்பைலரை ஏற்க முடியாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் பக்கம். என்னைக் கேட்டால், எழுத்துப்படி முதல் தரப்பும் நியாயப்படி இரண்டாம் தரப்பும் சரி. ஜிசிசி அதே ஆண்டில் திருத்தப்பட்டது. ஸ்ட்ரக்ட்டை அடுக்கும்போதே, அடுத்தடுத்த பிட் புலங்களின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பிரதிநிதி அலகை முன்கூட்டிக் குறித்துவைப்பார்கள். பின்னால் எந்தப் புலத்தை எழுதினாலும் அந்த அலகைத் தாண்டக் கூடாது. வேகம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்க முடியாது.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். ஸ்ட்ரக்ட்டை அடுக்கும் விதியைச் சி மொழி முழுதாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஏபிஐ என்று ஓர் ஒப்பந்தம் உண்டு, அதுதான் சொல்கிறது. லினக்ஸ் பின்பற்றும் சிஸ்டம் வி ஒப்பந்தப்படி, பிட் புலம் தன் அறிவித்த வகையின் எல்லையைத் தாண்டாத வரை, முன்னால் இருக்கும் மாறியோடு அதே வேர்டைப் பகிரலாம். கேரக்டர் முதல் பைட்டில், 3 பிட் புலம் அடுத்த பைட்டில், இன்ட்டின் அலைன்மென்ட்டுக்காக மொத்தம் 4 பைட். மைக்ரோசாப்ட் முறையில் வகையின் அளவு மாறினால் புதிய அலகு தொடங்க வேண்டும். கேரக்டர் முதல் பைட்டில், அடுத்த 3 பைட் சும்மா, அதற்கு அடுத்து இன்ட் அலகு, மொத்தம் 8. ஜிசிசிக்கே மைக்ரோசாப்ட் மாதிரி அடுக்கு என்று சொல்ல ஒரு விருப்பக் கட்டளை உண்டு. விண்டோஸுக்கான ஜிசிசியில் 4.7 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு நிலை. ஆகவே கம்பைலரின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது, எந்தத் தளம் என்றும் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். மாணவர்களே, கேள்வியில் தளம் குறிப்பிடப்படவில்லை என்றால் நீங்களே விடையில் எழுதிவிடுங்கள்: இந்தத் தளத்தில், இந்த ஒப்பந்தப்படி, இத்தனை பைட். பிறகு அடுக்கைப் படமாக வரைந்து காட்டுங்கள். 4 என்றோ 8 என்றோ வெறும் எண்ணை எழுதினால், திருத்துகிறவர் வெறும் எண்ணைத்தான் ஒப்பிடுவார்.

மாணவி இரண்டு திரைப்பிடிப்புகளையும் எடுத்துக்கொண்டு விரிவுரையாளரைப் பார்த்தாள். நல்ல மனிதர், இரண்டு மதிப்பெண் திரும்பக் கொடுத்தார். ஏன் நான்கும் இல்லை என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தபோது அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். அதே ஸ்ட்ரக்ட்டில், கேரக்டருக்கும் 3 பிட் புலத்துக்கும் நடுவில், பெயரில்லாத 0 அகல இன்ட் புலம் ஒன்றைச் செருகி, லேபிலும் வீட்டிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

இரண்டிலும் 8 வந்தது.